வட ஆற்காட்டின் கண்காட்சிக் காலம்

மாசி பிறந்துவிட்டால் போதும். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வேலூர், ஆரணி, செய்யாறு, குடியாத்தம் வட்டாரத்தில் டீக்கடைச் சுவர், பேருந்து நிழற்குடை, மின்கம்பம் என்று எதையும் விடாமல் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நோட்டீஸ் ஏறத் தொடங்கும். மேலே பெரிய எழுத்தில் 'அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா', அதாவது திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதையைப் பிரசங்கமும் கூத்துமாக நடத்தும் விழா. கீழே அட்டவணை: எந்த நாள் பகலில் என்ன பிரசங்கம், இரவில் எந்த ஜமாவின், அதாவது குழுவின், என்ன கூத்து, அர்ச்சுனன் தபசு என்றைக்கு, துரியோதனன் வீழும் படுகளம் என்றைக்கு. கடைசியில் உபயதாரர் பெயர்கள், அவரவர் பட்டத்தோடு. பங்குனி, சித்திரை தாண்டி வைகாசி, ஆனி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் இது நடந்துகொண்டே இருக்கும்.

அதே மாதங்களில் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்து மூலையில் வேறொரு வகை அறிவிப்பும் வரும். அரசு அருங்காட்சியகத்தில் ஓவியக் கண்காட்சி, பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி, பாரம்பரிய தினத்தை ஒட்டிக் கோட்டையில் புகைப்படக் காட்சி. முதல் வகைக்கு ஆயிரக்கணக்கில் சனம் திரளும். இரண்டாவதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேனில் அழைத்து வரப்பட்ட பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த ஆசிரியர்கள், ரிப்பன் வெட்டும் அதிகாரி, அதைப் படம் பிடிக்க ஒரு போட்டோகிராபர்.

இதற்கு ஊரில் ஒரு சுலபமான விளக்கம் உண்டு: "நம்ம ஊர்க்காரனுக்கு இதிலெல்லாம் எங்கே சார் ரசனை?" சென்னையிலிருந்து வரும் நண்பர்களும் தலையாட்டுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படுகளத்து மண் துரியோதனனின் மீசை சரியில்லை என்று மூன்று ஊருக்குப் பேசுகிற மக்களுக்குக் கண் இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்காட்சிகளுக்கு ஆள் வராததற்குக் காரணங்கள் வேறு. தேதி, நேரம், இடத்துக்கான விதிகள், செய்கிறவருக்குக் கிடைக்கும் கூலி என்று அவை ரொம்பச் சாதாரணமானவை.

முதலில் தேதி. உலகக் கலை தினம் ஏப்ரல் 15. ஓவியர் லியனார்டோ டா வின்சியின் பிறந்தநாள் அது. 2019ல் யுனெஸ்கோ அதை அறிவித்தது. உலகப் பாரம்பரிய தினம் ஏப்ரல் 18. நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பு 1982ல் முன்வைத்தது, மறு ஆண்டு யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. சர்வதேச அருங்காட்சியக தினம் மே 18, 1977லிருந்து கொண்டாடப்படுகிறது. ஐரோப்பாவில் இவை நல்ல தேதிகள். குளிர் விலகி, மரம் தளிர்த்து, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வர ஏங்கும் நேரம்.

வேலூரில்? மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு, அதைத் தொடர்ந்து பத்தாம் வகுப்பு, ஏப்ரலில் மற்ற வகுப்புகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. பிள்ளை உள்ள வீட்டில் டிவி ரிமோட்டையே ஒளித்து வைக்கும் காலம் அது. தேர்வு முடிந்து மூச்சு விடுவதற்குள் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டு வெயில் பட்டியலில் வேலூர் முதலிடத்துக்குப் போட்டி போடுகிற ஊர் என்பதை நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அருங்காட்சியக தினமான மே 18 இந்தக் கத்திரி வெயிலின் நட்டநடுவில் வருகிறது. காலையில் திறந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டும், கோட்டைக்குள் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு, அந்த வெயிலில் கோட்டைப் பாலத்தைத் தாண்டி யார் நடந்து வருவார்கள்?

இப்போது மற்ற நோட்டீஸைப் பாருங்கள். கூத்து தொடங்குவது இரவு பத்து மணிக்கு. விடிய விடிய நடக்கும். பகலில் நடக்கும் பாரதப் பிரசங்கம்கூடப் பந்தல் நிழலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புரளும், வயலில் வேலை குறைந்த நாட்கள் அவை. இந்த மண்ணின் வெயிலையும் வேலையையும் பார்த்துப் பார்த்து வைத்த தேதி அது.

சரி, அருங்காட்சியகத்துக்குள் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. வேலூர் அரசு அருங்காட்சியகம் 1985ல் தொடங்கியது. 1999ல் கோட்டைக்குள் இடம் மாறியது. கிமு 400 வாக்கைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும், பிடியின் நுனி பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரிந்த வெண்கல வாள் அங்கே உண்டு. பிற்காலப் பல்லவர் காலத்திலிருந்து 18, 19ஆம் நூற்றாண்டு வரையிலான கற்சிற்பங்கள் உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை உண்டு. ஆங்கிலேயர் பிடித்து வந்து வேலூர்க் கோட்டையில் 1816 முதல் சிறை வைத்த மனிதர் அவர். 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடத்தில் முத்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள். சிறையிருந்த அரசர் எதிரில் யாரை உட்கார வைத்து அந்தப் பலகையில் ஆடினார் என்று அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். பலகையின் கீழே உள்ள அட்டையில் இரண்டு வரிதான்.

மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் பொருள் வருகிற வழி பலருக்குத் தெரியாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. நிலம் உழும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 'பத்து ரூபாய்' என்பது 1878ன் பத்து ரூபாய், அப்படியே நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கலெக்டர் என்று ஏறி, கருவூலத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிறகுதான் அருங்காட்சியகம். ஆகவே இந்த வழியில் இங்கே சேர்வதெல்லாம் மண்ணுக்குள் புதைந்து அழியாமல் கிடந்தவை: கல், வெண்கலம், காசு. மண்ணும் மரமும் காகிதமும் துணியும் இந்த வழியில் வருவதற்கு வாய்ப்பே இல்லை. வட ஆற்காட்டின் பெரிய கலைகளோ மண்ணிலும் மரத்திலும் காகிதத்திலும் துணியிலும்தான் நடக்கின்றன. அருங்காட்சியகம் மாவட்டத்தின் கலையைக் காட்டவில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்லிலேயே சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்துப் போனான். கூடவே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் பெயர் பொறிக்கிற அதே கல்லில், அதே உளியால், ஒரு நாயின் பெயர். பிள்ளைகளுக்கு இந்த ஒரு கல்லை மட்டும் காட்டினால் போதும், நடுகல் என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன. அக்னி தன் துணையோடு ஆட்டுக்கிடா மேல் போகிற காட்சி மங்கலாகத் தெரியும். சித்தன்னவாசல் தெரிந்த அளவுக்கு ஆர்மாமலை நம் மாவட்டத்துக்காரர்களுக்கே தெரியாது. போளூர் பக்கம் திருமலையில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் 52 அடி உயரச் சிலையும், கீழே குகையில் ஓவியங்களும். வேலூரில் நடக்கும் ஓவியப் போட்டிகளில் பிள்ளைகள் வரைவது பெரும்பாலும் தாஜ்மகாலும் பூமி உருண்டையும். ஆர்மாமலை ஓவியங்களின் நல்ல புகைப்படங்களை நாலு பலகையில் ஒட்டிவைத்து, 'இதைப் பார்த்து வரை' என்று சொல்வதற்குப் பெரிய நிதி தேவைப்படாது.

அடுத்தது இடம். வேலூரில் கண்காட்சி என்றால் எல்லோரும் கைகாட்டுவது கோட்டையைத்தான். 133 ஏக்கர், சுற்றிலும் அகழி, உள்ளே கோயில், தேவாலயம், மசூதி, மகால்கள். ஆனால் இந்தக் கோட்டை ஒரே கையில் இல்லை. கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகம் மாநில அருங்காட்சியகத் துறையுடையது. தொல்லியல் துறைக்குத் தனியாக ஒரு காட்சிக்கூடம். ஜலகண்டேஸ்வரர் கோயில் வழிபாட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு தர்ம ஸ்தாபனம். கூத்தையும் ஓவியத்தையும் கவனிக்க வேண்டிய கலை பண்பாட்டுத் துறை மாநிலத்தின் இன்னொரு துறை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்குள் கூட்டமோ கேளிக்கையோ நடத்த மத்திய அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2010 திருத்தத்துக்குப் பிறகு 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதியோடு மட்டும். ஆகவே கோட்டைக்குள் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குப் போட்டு ஓவியக் கண்காட்சி நடத்தலாமே என்று சொல்வது சுலபம். அந்தக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்று நடத்த முயன்றவர்களைக் கேட்டால் தெரியும். பாரம்பரிய தினத்தன்று தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்று அறிவிப்பு வரும். வேலூர்க் கோட்டைக்குள் போக என்றைக்குமே கட்டணம் கிடையாது என்பது அப்புறம்.

இந்த விதிகளைக் கிண்டல் செய்வதோடு நிறுத்தக் கூடாது. அவை ஏன் வந்தன என்பதற்குக் கோட்டையே சாட்சி. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் வேலூரிலுள்ள கலைப்பொருள்களில் முதன்மையானது என்பேன். பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளிகளும் குதிரைகளும், அவற்றின் மேல் வீரர்களும். நிமிர்ந்து கூரையைப் பார்த்தால் விரிந்த தாமரையைச் சுற்றிக் கிளிகள் வட்டமாகத் தலைகீழாக. இந்த மண்டபத்தைக் கழற்றி லண்டனுக்குக் கொண்டுபோகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்பாடு செய்ததாகவும், ஏற்றிச் செல்ல வந்த கப்பல் வழியில் மூழ்கியதால் நின்றுபோனதாகவும் ஒரு கதை பழைய நூல்களிலேயே உண்டு. கப்பல் கதையை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். கோயில் நெடுங்காலம் ஆயுதக் கிடங்காக இருந்தது மட்டும் உறுதி. மூலவர் இல்லாமல் கிடந்த கோயிலுக்குச் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் திரும்ப வந்தது 1981 மார்ச்சில்தான். இன்றைக்கு அந்த மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிட வருகிறவர்கள். போகிற போக்கில் தூணைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தடவித் தடவி யாளியின் பல் வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கு இது பிடிக்கும். பாதுகாப்பு அதிகாரிக்குப் பிடிக்காது. அவர் சொல்வதுதான் சரி.

இப்போது ஊர்க் கண்காட்சிக்கு வருவோம். அதிலும் படுகளத்துக்கு. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதினெட்டாம் நாள் போருக்கு முந்தைய பகலிலேயே திரௌபதி அம்மன் கோயில் திடலில் டிராக்டரில் மண் வந்து இறங்கும். மண்ணைக் குவித்து, தண்ணீர் விட்டு மிதித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்வார்கள். 30, 40 அடி நீளம் சாதாரணம். சில ஊர்களில் அதைவிடப் பெரிது. குயவர்கள் செய்வது பல ஊர்களில் வழக்கம். உடம்புக்கு ஆள் பலம் போதும்; முகத்துக்குக் கைத்தேர்ச்சி வேண்டும். படுத்திருக்கும் முகத்தைப் பக்கத்தில் நின்று செய்கிறவருக்கு முழுசாகத் தெரியாது. அதனால் ஒருவர் கோயில் திண்ணையிலோ டிராக்டர் மேலோ ஏறி நின்று "வலது கண்ணு மேல ஏறுது", "மூக்கை இன்னும் தூக்கு" என்று குரல் கொடுப்பார். பிறகு வண்ணம்: சுண்ணாம்பு, காவி, மஞ்சள், கரி, இப்போது கடையில் வாங்கும் கோலப்பொடியும் எனாமலும். உருட்டி விழித்த கண், முறுக்கிய மீசை, பல் வரிசை, கிரீடம், கையில் கதை. தொடைக்குள் ஒரு பானையில் சிவப்புத் தண்ணீரைப் புதைத்து வைப்பார்கள்.

இரவெல்லாம் ஆடிய கூத்து விடியும்போது மேடையை விட்டு இறங்கி இந்த மண் உடம்பைச் சுற்றி வரும். பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு ஓடிப் பிடிப்பார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிடும், சில சமயம் விடாது. கடைசியில் பீமன் தொடையில் அடிக்க, பானை உடைந்து சிவப்பு கொப்பளிக்கும். அவிழ்ந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி அதில் தொட்டு முடிப்பாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த சனம் அப்புறம் மொத்தமாகப் பாயும். ஆளுக்கொரு பிடி மண். விதை நெல்லோடு போட்டு வைக்க, மாட்டுக் கொட்டகையில் வைக்க, வீட்டு வாசலில் கட்ட. பகல் முழுக்க மெனக்கெட்டுச் செய்த உருவம் மறுநாள் மதியத்துக்குள் வெறும் மேடாகிவிடும். சாயங்காலம் தீமிதி.

இதை அருங்காட்சியகத்தில் வைக்க முடியுமா? முடியாது, வைக்கவும் கூடாது. பாதுகாப்பது என்பதற்கு நேர் எதிரான நோக்கத்தோடு செய்யப்படும் பொருள் அது. கலைந்து போனால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அதைச் செய்கிறவர் யார், முகத்தை யாரிடம் கற்றார், ஓர் ஊர்த் துரியோதனனுக்கும் இன்னோர் ஊர்த் துரியோதனனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பதிவுகூட மாவட்டத்தில் எங்கும் தொகுத்து வைக்கப்படவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. ஊர்க்காரர்களிடம் அந்த விமர்சனம் இருக்கிறது. "போன வருஷம் கை குட்டையாப் போச்சு", "பக்கத்து ஊர்க்காரன் முகத்துக்கு ரெண்டு நாள் எடுத்தான்" என்று டீக்கடையில் நடக்கும் விவாதத்தை எந்தக் கலைக் கல்லூரியின் விமர்சன வகுப்பிலும் உட்கார வைக்கலாம்.

கூத்துக் கிரீடங்கள் இதிலிருந்து வேறுபட்டவை. அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, மேலே வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதித்துச் செய்கிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் கட்டினால் ஆள் இரண்டு மடங்கு அகலமாகத் தெரிவார். அந்த நாளில் தீவட்டி வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் கடைசி வரிசைக்காரனுக்கும் யார் ராஜா என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட அளவு அது. கண்ணாடி பதித்ததும் அதற்காகத்தான். முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைத்து முகம் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. டியூப் லைட்டுக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கிரீடத்தை வைத்தால் பரிதாபமாக இருக்கும். அதைக் காட்ட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்ட வேண்டும், முடிந்தால் ஒருவர் தலையில் வைத்துக் காட்ட வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் நகரத்து அரங்குகளிலும் வெளிநாடுகளிலும் இதையெல்லாம் காட்டியிருக்கிறார்கள். வேலூர்க் கோட்டைக்கு வருவது அதைவிடத் தூரமாக இருக்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசி அமாவாசையை ஒட்டி வேலூர்ப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் உருவங்களும் உயரமான தேர்களும் பல பகுதிகளிலிருந்து ஆற்றுக்கு வரும், காளி வேஷம் போட்டவர்கள் முன்னால் ஆடி வருவார்கள். திருவண்ணாமலையில் சித்திரை வசந்த உற்சவம், முடிவில் மன்மத தகனம். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா: தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு மட்டும் ஊர்வலமாகக் கிளம்பி, கோபாலபுரம் வந்து உடலோடு பொருந்தும். அன்று மே 14 அல்லது 15. அருங்காட்சியக தினத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னால், அதே கத்திரி வெயிலில், லட்சக்கணக்கில் கூட்டம். வெயிலும் ஒரு காரணம் என்று நான் மேலே சொன்னதற்கு இதுவே மறுப்பு என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் அந்தக் கூட்டம் வேண்டுதலோடு வருகிறது. ஓர் ஓவியத்தைப் பார்க்க யாரும் வேண்டிக்கொண்டு வருவதில்லை.

ஊர்த் திருவிழாவை ரொம்பவும் தூக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கொரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இருக்காது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதில் தகராறு ஏற்பட்டு, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். நம் மாவட்டம் இல்லைதான். ஆனால் யார் திருவிழா வரி கொடுக்கலாம், யார் தீ மிதிக்கலாம், ஊர்வலம் எந்தத் தெரு வரைக்கும் போகும் என்ற கேள்விகள் பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அருங்காட்சியகத்தின் கதவு அப்படியில்லை. டிக்கெட் எடுத்த யாரும் எந்தச் சிற்பத்தின் முன்னாலும் எவ்வளவு நேரமும் நிற்கலாம். கூட்டம் வராவிட்டாலும் அப்படி ஓர் இடம் ஊருக்கு வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

சரி, ஓவியம் வரைகிறவர்களின் நிலைமை? தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான். சென்னைக் கல்லூரி அலெக்சாண்டர் ஹண்டர் 1850ல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. வேலூர்ப் பிள்ளை அங்கே படிக்கப் போனால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சினிமா, அனிமேஷன், விளம்பரம் என்று அங்கேயே ஒட்டிக்கொள்கிறார்கள். உள்ளூரில் இருக்கிறவர்கள் ஓவியம் லோயர், ஹையர் தேர்வு எழுதி ஆசிரியர் வேலைக்குக் காத்திருப்பவர்கள். அரசுப் பள்ளிகளுக்கு 2012ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். போர்டு எழுதிப் பிழைத்தவர்களை பிளெக்ஸ் பேனர் ஒழித்துவிட்டது. மிச்சமிருப்பது கோயில் வேலை: கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தில் சுதை பொம்மை சரி செய்வது, வண்ணம் தீட்டுவது. அதுவும் இதே வெயில் காலத்தில்தான் குவியும். அந்த நாட்களில் "கண்காட்சிக்கு நாலு படம் கொடுங்கள், சான்றிதழ் தருகிறோம்" என்று ஒருவரைக் கூப்பிட்டால் அவர் சாரத்திலிருந்து இறங்கி வருவாரா? கூத்துக்காரருக்காவது வெற்றிலைபாக்கோடு முன்பணம் வைக்கிறார்கள்.

விற்பனை இன்னும் மோசம். நல்ல ஓவியத்தைச் சட்டம் போட்டு மாட்டவே செலவாகும். வாங்கத் தயாராக இருப்பவர் எங்கே? பெரிய வீடு கட்டுகிற டாக்டரும் தோல் தொழிற்சாலை முதலாளியும் வரவேற்பறைக்குப் படம் வாங்குவது பெங்களூருவில் அல்லது ஆன்லைனில். கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வரிசை நிற்கும். ஓவியர் யாராவது கடை போட்டால் உங்கள் முகத்தை ஐந்து நிமிடத்தில் பென்சிலில் வரைந்து தருவார், அதற்கு மட்டும் கூட்டம் வரும். நான் இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. பணம் கைமாறுகிற ஒரே கலைக்கடை அதுதான். கரிகிரி மட்பாண்டம் இந்த மாவட்டத்துக்கே உரியது, வெள்ளைக்காரன் காலத்திலேயே பேர் வாங்கியது, பளபளப்புப் பூச்சுள்ள கூஜாவும் பூச்சாடியும். வேலூரிலேயே பிறந்து வளர்ந்த பலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

வாங்குகிற, பார்க்கிற ஆட்கள் இல்லாமலும் இல்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழியில் கடைப் பெயர்ப்பலகை இருக்கும். மேற்கு வங்கம், வங்கதேசம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களும் கூட வருகிறவர்களும் லாட்ஜில் அறை எடுத்து, பரிசோதனை முடிவுக்காக நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்கள் கோட்டைக்கும் வருகிறார்கள். நேரம் இருக்கிறது, மனசு எதிலாவது ஒதுங்க இடம் தேடுகிறது. அருங்காட்சியக அட்டைகளில் வங்காளத்தில் இரண்டு வரி சேர்த்தால், சின்னதாக ஒரு கரிகிரி ஜாடியை வாசலில் விற்றால், நான் சொல்லும் இந்தக் கூட்டம் தேடி வரும். ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு வந்து திரும்பும் வண்டிகளும் கோட்டையைத் தாண்டித்தான் போகின்றன.

என்னைக் கேட்டால், மாவட்டத்துக்குப் புதுக் கலைக்கூடம் எல்லாம் உடனடியாகத் தேவையில்லை. சர்வதேசத் தேதிகளுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி போதும். பெரிய கண்காட்சியை மாசிக்கு, தேர்வுக்கு முன்னால், நகர்த்த வேண்டும். கோட்டைக்குள் அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் வெளியே மைதானத்தில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை நடத்தலாம். கிரீடம் செய்கிறவரையும் மண் உருவம் செய்கிறவரையும் அழைத்து, எதிரில் உட்கார்ந்து செய்யச் சொல்லி, அந்த நாளுக்கு ஒரு நல்ல கூலி கொடுக்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறை ஆண்டுதோறும் மாவட்ட அளவில் கலை இளமணியிலிருந்து கலை முதுமணி வரை வயது வாரியாக விருது கொடுக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றத்தில் வார இறுதியில் பிள்ளைகள் ஓவியம் கற்கிறார்கள். இந்த இரண்டு தரப்பையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க யாராவது ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு காப்பாட்சியரும் நாலைந்து ஊழியர்களும் பூட்டுச்சாவியிலிருந்து போட்டிப் பரிசு வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அந்தக் கடிதம் எழுத நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடிதத்தைக் கலெக்டர் அலுவலகம் எழுதலாம்.

இந்த ஆண்டு போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று கோட்டைக்குப் போனால் கோயிலோடு திரும்ப வேண்டியதுதான். மண்டபத்துத் தூண்களை வெயில் சாயும் நேரத்தில் பாருங்கள், செதுக்கு நன்றாகத் தெரியும். படுகளத்துக்குத் தேதி எந்த இணையதளத்திலும் முன்கூட்டி வராது. ஆரணிக்கோ செய்யாறுக்கோ போகும் பேருந்தில் ஏறி, நோட்டீஸைப் படித்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் பகலிலேயே போய்விட்டால் முகம் செய்வதைப் பார்க்கலாம், தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.